330 அடி உயரம்
(தீவுப் பயணம் – 9)

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மல் என்னும் பெருந்தீவின் தென்மேற்கு நுனியிலிருந்து ஒரு மைல் அகலமுள்ள ஜலசந்தியைக் கடந்தால் அயோனாத் தீவு. நீளம் 3 மைல். அகலம் அதில் பாதி. அதன் வடபாகத்தில் டுன் ஈ என்றொரு பாறைக் குன்று இருக்கிறது. உயரம் 330 அடிக்குச் சற்று மேல். பர்வத ஆரோகணத்தில் பேர் வாங்க விரும்புகிறவர்கள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எதிரே மல் தீவில் 3,169 அடி உயர்ந்து நிற்கும் பென் மோர் சிகரத்தையே நாடிப் போகிறார்கள். போகட்டும்.

தீவிலுள்ள மடாலயத்தைத் தாண்டி வடக்கே செல்லும் சாலையை விட்டு இடப்புறம் திரும்பி, ஆடுகள் வெளியேறாதபடி வேலிக் கதவைச் சாத்திவிட்டு, மிதித்த இடமெல்லாம் நீர் கசியும் சதுப்புப் புல்வெளியைக் கடந்ததும், பாதை என்று சொல்லத்தக்கது முடிந்து பாறை தொடங்குகிறது. வரிவரியாக நெளிந்த சாம்பல் நிறப் பாறை அது. பூமியின் மிகப் புராதனமான பாறை வகைகளுள் ஒன்று என்றும், அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்கிறார்கள். தீவில் ஆங்காங்கே, இந்தப் பாறையோடு யாதொரு சம்பந்தமுமின்றி, இளஞ்சிவப்பான கருங்கல் உருண்டைகள் கிடக்கின்றன. அவை ஜலசந்திக்கு அப்பாலுள்ள மல் தீவின் கற்கள். பனிப்பாறைகள் இந்தப் பிரதேசம் முழுவதையும் மூடியிருந்த காலத்தில் அவற்றைச் சுமந்து வந்து, உருகிப் போகும்போது இங்கே இறக்கிவிட்டுப் போயின.

அரைமணி நேரத்திற்குள் உச்சி வந்துவிடுகிறது. அங்கே ஒரு கற்குவியல், நில அளவைக்காரர்களின் தூண், ஆளைத் தள்ளும் காற்று. வடபுறம் சற்றுக் கீழே பாறையிடுக்கில் ஒரு சிறு சுனை. சூரியோதயத்தில் அதில் முகம் கழுவினால் இளமை மீளும் என்பது ஐதிகம். நான் ஏறிய வேளை பிற்பகலாதலால் பரீட்சித்துப் பார்க்க வழியில்லை.

பெரிய சிகரங்களின் மேல் நின்றால் மனிதனும் அவன் செய்தவையும் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. மேகமும் மலைமுகடுகளுமே மிஞ்சுகின்றன. இங்கே அப்படியில்லை. மேற்கே எல்லையற்ற அட்லாண்டிக் சமுத்திரம் விரிந்து கிடக்க, தென்கிழக்கே காலடியில் மடாலயத்தின் கூரையும், அதன் முற்றத்துக் கற்சிலுவைகளும், துணி உலரும் கொடிகளும், ஜலசந்தியைக் கடக்கும் படகும் ஒருங்கே தெரிகின்றன. இந்த உயரம் போதும் என்று எனக்குத் தோன்றியது.

கி.பி. 563-இல் அயர்லாந்திலிருந்து வந்து இத்தீவில் மடம் நிறுவிய கொலம்பா முனிவரும், தம் வாழ்நாளின் இறுதித் தினத்தில் ஒரு சிறு குன்றின்மேல் ஏறி நின்று, தம் மடத்தைப் பார்த்து ஆசீர்வதித்தார் என்று, அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே மடத்தின் தலைவராயிருந்து அவர் சரித்திரத்தை எழுதிய அடம்னான் கூறுகிறார். இவ்விடம் சிறியதும் எளியதுமாயினும் அரசர்களும் அந்நிய தேசத்தாரும் இதை வணங்குவார்கள் என்றாராம். பிறகு இறங்கிவந்து, சங்கீதப் புத்தகத்தைப் பிரதி செய்ய உட்கார்ந்து, ஒரு பக்கத்தின் முடிவில் நிறுத்தி, மீதியைச் சீடர் பைத்தீன் எழுதட்டும் என்று சொல்லி எழுந்தார், அன்றிரவே காலமானார். அது 597-ஆம் ஆண்டு. அவர் ஏறியது டுன் ஈ தானா? குன்றின் பெயரை அடம்னான் சொல்லவில்லை. எனினும், அதற்கு முந்தைய மாதம் வயலில் வேலை செய்த சீடர்களைப் பார்க்கவே முதுமையின் தளர்ச்சியால் வண்டியில் போனவர் கொலம்பா என்று அடம்னானே எழுதியிருப்பதால், மடத்தையடுத்த ஏதோ ஒரு மேடாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஊரார் சிலர் இந்தக் குன்றையே காட்டுகிறார்கள். அவர்களோடு வழக்காட நான் தயாரில்லை.

கொலம்பா ஆசீர்வதித்த மடத்தை 795-இல் வைக்கிங்குகள் சூறையாடினார்கள். 806-இல் மீண்டும் வந்து 68 பேரை வெட்டிச் சாய்த்தார்கள். இப்போது நிற்கும் கட்டடம் பிற்காலத்துப் பெனடிக்டியத் துறவிகள் எழுப்பியது. அதுவும் பாழடைந்து, இருபதாம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. 1938-இல் தொடங்கி, குடியிருப்புப் பகுதிகளை மீண்டும் கட்டியெழுப்பிய ஜார்ஜ் மக்லியோட் என்ற பாதிரியார், வேலையற்றிருந்த தொழிலாளிகளையும் பயிற்சி பெறும் பாதிரிகளையும் ஒன்றாகக் கல் சுமக்கச் செய்தார். பிரசங்கத்தைக் காட்டிலும் இது நல்ல ஏற்பாடென்று நான் நினைக்கிறேன்.

ஈரப்பாறையில் இறங்குவது ஏறுவதினும் கடினம். கையையும் ஊன்றித்தான் இறங்க வேண்டியிருந்தது. வடக்கே கடலில் தெரிந்த ஸ்டாஃபாத் தீவுக்குக் காற்று தணிந்தால் படகு போகும் என்றார்கள். அதன் எரிமலைப் பாறைத் தூண்களையும் குகையையும் பற்றி வரும் வாரம் எழுதுகிறேன்.