நல்ல பூட்டு செய்தவர் ஏன் கடையைப் பூட்டினார்?

எங்கள் வாஷி வீட்டு இரும்புக் கதவில் ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு தொங்குகிறது. வீட்டுக்கு வந்த சங்க நண்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா சார்?" என்றார். "செய்தவர் பட்டறையை மூடிவிட்டார்" என்றேன். "இவ்வளவு நன்றாகச் செய்கிறவர் ஏன் மூட வேண்டும்?" என்று கேட்டார். அன்று அரைகுறையாகப் பதில் சொன்னேன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் இரும்போடு பழகியவன் என்ற முறையில், இப்போது கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் பூட்டின் உள்ளே பார்ப்போம். 'லீவர்' எனப்படும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் வெட்டுகள் நேர்கோட்டில் வரும், பூட்டின் நாக்கு நகரும். ஒரு தகடு மயிரிழை கூட எழும்பினாலும் குறைந்தாலும் நகராது. இது 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் கண்டுபிடித்த முறை. திண்டுக்கல் பட்டறைகளில் தகட்டையும் சாவியையும் கையால் ராவி ராவிப் பொருத்துவார்கள். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. பெருமையும் அதில்தான், கஷ்டமும் அதில்தான்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நடைமுறை வேறு. உருப்படியின் அளவு 'கேஜ்' எல்லைக்குள் இருந்தால் எந்தப் பெட்டியிலும் உட்காரும். அரம் பிடித்துத் திருத்த வேண்டியதில்லை. உலகமே இந்த வழிக்கு மாறிய கதை பழையது. 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட், இயந்திரத்தில் செய்த உறுப்புகளைக் கொண்ட ரிவால்வர்களை வைத்தார். ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயரின் கைவேலை ரிவால்வரும் அங்கே இருந்தது. அதே வருடம் ஹாப்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று பெயர் வாங்கிய சப், பிராமா பூட்டுகளைத் திறந்து காட்டினார். பிறகு லண்டனிலேயே இயந்திரப் பூட்டு செய்யத் தொடங்கினார். துப்பாக்கியானாலும் பூட்டானாலும், அரத்துக்கும் இயந்திரத்துக்கும் போட்டி அன்றே ஆரம்பம். நம் பம்பாயில் 1897-ல் அர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழில் தொடங்கினார். வடக்கே அலிகார் பெரிய பூட்டு நகரமாக வளர்ந்தது.

திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர் என் பெரியப்பா மகன். அண்ணன் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்தால், பட்டறை மூடியதற்கு நான்கு காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, நேரம். ராவுகிற ஒவ்வொரு மணிக்கும் கூலி உண்டு. அந்தக் கூலியைக் கடைக்காரர் விலையில் ஏற்ற விடுவதில்லை.

இரண்டு, ஆயுள். நல்ல பூட்டு ஒரு தலைமுறை உழைக்கும். வாங்கியவர் திரும்ப வரமாட்டார்.

மூன்று, முதல். இரும்பும் பித்தளையும் ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். பூட்டு விற்ற பணமோ பல மாதம் கழித்து வரும்.

நான்கு, கதவே மாறிவிட்டது. அடுக்குமாடி வீடுகளில் கதவோடு பதித்த பூட்டுதான். தொங்கும் பூட்டுக்கு வேலை குறைவு. பிள்ளைகளும் இதைப் பார்த்துவிட்டு அரத்தைத் தொடவில்லை.

ஐந்தாவது காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 1994-ல் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்கு ஆறு பூட்டு தேவைப்பட்டது. அண்ணனிடம் விலை கேட்டேன். சொன்னார். "இங்கே ஹார்டுவேர் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே அண்ணே" என்றேன். உறவுக்காக ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு, மற்ற ஐந்தையும் இங்கேயே மலிவாக வாங்கினேன். அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, உனக்கே கட்டுப்படியாகலைன்னா ஊருக்கு எப்படிப்பா கட்டுப்படியாகும்?" என்று சிரித்தார். சில வருடங்களில் பட்டறை மூடியது. அந்த ஐந்து பூட்டுகளும் பம்பாய் மழையில் துருப்பிடித்து எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. அண்ணன் பூட்டு மட்டும் வருடத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெயில் இன்றும் திறக்கிறது.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியோடு அண்ணனுக்குப் போன் செய்தேன். "பேருக்குக் காவல் வந்திருச்சு. பூட்டுக்கு விலை வரணுமே" என்றார். சட்டம் பெயரைத்தான் காக்கும். தொழிலைக் காப்பது வாங்குகிறவர் கை.

இன்னும் சில பட்டறைகள் அங்கே இருக்கின்றன. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகும் அன்பர்கள் ஒரு பூட்டாவது வாங்கி வாருங்கள். எத்தனை லீவர் என்று கேளுங்கள். பக்கத்துப் பூட்டின் சாவியைப் போட்டுத் திறக்கிறதா என்று சோதியுங்கள். திறக்கவில்லையென்றால், என்னைப் போலப் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள்.