தீவகத்தில் துவக்கு யாருக்குக் காவல்?

துவக்கு வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று வாதிடும் அமெரிக்கர்கள் 1791 இல் வந்த இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இலங்கையில் அப்படியோர் உரிமை இல்லை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். 1996 இன் திருத்தம் தண்டனையை ஆயுட்காலச் சிறை வரை உயர்த்தியது. இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான தீவகத்தில், ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் ஆண்டுக்கணக்காகத் துவக்கின் நிழலிலேயே மக்கள் வாழ்ந்தார்கள். சட்டம் குடிமகனின் கையைத்தான் கட்டியது. அரசு தனக்கு வேண்டியவர்களிடம் ஒப்படைத்த துவக்குகளை அது கேள்வி கேட்கவில்லை.

1990 களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் தீவகத்தை இழந்தபின், அரச படையினரின் துணையோடு தமிழ்த் துணை ஆயுதக் குழுவான ஈ.பி.டி.பி. (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) அங்கே ஆயுதத்துடன் நிலைகொண்டது. தற்பாதுகாப்புக்கே ஆயுதம் என்றார்கள். புலிகளால் அவர்களுக்கு உயிராபத்து இருந்தது உண்மை. ஆனால் காவலுக்கு வந்த துவக்கு காவலோடு நிற்கவில்லை. 1994 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 2.34 வீதத்தினரே, பெரும்பாலும் தீவகத்தில் விழுந்த 10,744 வாக்குகளோடு அவர்களின் சுயேச்சைக் குழு 9 ஆசனங்களைப் பெற்றது. 2001 நவம்பர் 28 இல் நாரந்தனையில், பரப்புரைக்குச் சென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் தாக்கப்பட்டு இருவர் உயிரிழந்தனர். அந்தக் கொலைகளுக்காக யாழ். மேல் நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனை விதித்தது 2016 இல்தான். இடையே 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8 ஆவது பிரிவு, தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை 30 நாட்களுக்குள் அரசே களைய வேண்டும் என்றது. கொடுத்தது யார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அரச படைகளின் கையிலும் ஆயுதம் பாதுகாப்பாக இருக்கவில்லையே என்று கேட்கலாம். 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்த படுகொலையிலும், 2006 மே 13 இல் 13 பேர் கொல்லப்பட்ட அல்லைப்பிட்டியிலும் உயிர்தப்பியவர்கள் கைகாட்டியது கடற்படையினரை. அப்படியானால் குடிமக்களும் துவக்கு ஏந்துவதுதானே வழி? இந்த வாதத்தின் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்த்தோம். ஒடுக்குமுறையை எதிர்க்க எடுத்த துவக்குகள் 1986 இலேயே சக தமிழ் இயக்கத்தவரை நோக்கித் திரும்பின. பயிர்காக்க அனுமதி பெற்று விவசாயி வைத்திருக்கும் துவக்கு வேறு; அதற்குப் பெயரும் முகவரியும் பதிவும் உண்டு. அந்தப் பதிவு எல்லாத் துவக்குக்கும் வேண்டும். தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி 2024 இல் பாதுகாப்பு அமைச்சு கேட்டது நல்ல தொடக்கம். போர்க்காலத்தில் தீவகத்தில் எந்தக் குழுவுக்கு எத்தனை துவக்கு கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கையும் அதே அமைச்சு மக்கள் முன் வைக்க வேண்டும்.