நிக்கல் பிரியும் விதம்

ஓசூரிற் செய்த கைக்கடிகாரத்தை அணிவோரும், அவ்வூரினின்று வெளிவரும் மின்சார இருசக்கர வண்டியை ஓட்டுவோரும் நம்மிற் பலர். கடிகாரக் கூட்டுக்குரிய துருவேறா எஃகிலும், அத்தகைய வண்டிகளின் மின்கலங்கள் பலவற்றிலும் நிக்கல் என்னும் உலோகம் உளது. ஆயினும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிக்கற் சுரங்கம் ஒன்றேனும் இல்லை. நம் நாட்டிற்கு வேண்டிய நிக்கலிற் பெரும்பகுதி கப்பலேறியே வருகின்றது. நாடோறும் கையாளும் பொருளின் பிறப்பை அறியாதிருத்தல் கற்றார்க்கு அழகன்று. ஆதலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

நிக்கல் கிடைக்கும் இடங்களுட் பெயர்பெற்றது கனடா தேசத்து ஸட்பரி. 1883-ஆம் ஆண்டில் இருப்புப்பாதைக்கு நிலம் வெட்டுங்கால் அங்குத் தாது வெளிப்பட்டது. அத்தாதுவிலுள்ள பென்ட்லண்டைட் என்னுங் கனிமத்தில் நிக்கல், இரும்பு, கந்தகம் மூன்றும் கூடியுள்ளன; செம்புத் தாதுவும் உடன் விரவியுள்ளது. இவற்றை மணலோடு உலையிலிட்டு உருக்கினால், இரும்பிற் பெரும்பகுதி பிராணவாயுவையேற்று மணலுடன் கூடிக் கசடாகி மேலே மிதக்கும். நிக்கலும் செம்பும் கந்தகத்தை விடாது பற்றிக்கொண்டு கீழே தங்கும். கீழ்த்தங்கிய அக்கந்தகக் குழம்பினையே ‘மேட்’ என்பர். அதனுட் காற்றை ஊதி எஞ்சிய இரும்பையும் போக்குவர்.

இனி, நிக்கலையும் செம்பையும் பிரிப்பது எங்ஙனம்? இரண்டும் கந்தகத்தோடு ஒட்டியிருத்தலின், மேலும் மேலும் ஊதுவதனால் மட்டும் அவை செவ்வனே பிரியா. 1940-களில் ஸட்பரியிற் கைக்கொண்ட வழி மிக எளியது: குழம்பினைப் பெருந்தொட்டிகளில் வார்த்து, வெப்பம் விரைந்து அகலாவண்ணம் மூடிச் சில நாள் மெல்ல ஆறவிடுவதே அது. ஏறக்குறைய 920 டிகிரி சென்டிகிரேடிற் செம்புக் கந்தகம் படிகமாகத் தொடங்கும்; இது சால்கோசைட்டை ஒத்தது. 700 டிகிரி அளவில் நிக்கலும் செம்பும் கலந்த உலோகத் துணுக்குகள் தோன்றும். பிளாட்டினம் முதலிய அருமணி உலோகங்கள் இவற்றிற் சென்று சேரும். 575 டிகிரியில் எஞ்சியது உறையுங்கால் ஹீஸில்வுடைட் எனப்படும் நிக்கற் கந்தகம் உண்டாகும். 520 டிகிரிக்குக் கீழே, இந்நிக்கற் கந்தகம் தன்னுட் கரைந்திருந்த செம்பையும் பெரிதும் புறந்தள்ளிவிடும்.

சர்க்கரைப் பாகை அசையாது மெல்ல ஆறவைப்பின் பெருங் கற்கண்டு விளைதலும், கிண்டிக் குளிர்விப்பிற் பொடியாதலும் நாமறிந்தவை. இங்கும் அவ்வாறே, விரைந்து ஆறின் மூன்றும் நுண்ணிதாய்ப் பின்னிக்கிடக்கும், எவ்வளவு அரைப்பினும் பிரியா. மெல்ல ஆறியதையோ அரைத்தவுடன் காந்தத்தால் உலோகத்தை ஈர்க்கலாம். பின்னர் நீரிலிட்டுத் தக்க மருந்து சேர்த்துக் காற்றுக் குமிழிகளை எழுப்பினால், செம்புக் கந்தகம் நுரையோடு மிதக்க, நிக்கற் கந்தகம் அடியில் நிற்கும்.

இத்தொழிலுக்கு ஒரு விலையும் உண்டு. பல்லாண்டுகளாக எழுந்த கந்தகப் புகையால் ஸட்பரியின் காடுகள் அழிந்து பாறைகள் கறுத்தன. 1972-இல் 381 மீட்டர் உயரமான புகைபோக்கி இயங்கலாயிற்று. எனினும் அது புகையைத் தொலைவிற்கு அனுப்பியதேயன்றி ஒழித்திலது. புகையைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கிய பின்னரும், 1978 முதல் பெருமுயற்சியோடு மரம் நட்ட பின்னருமே அந்நிலம் மீளத் தளிர்த்தது.

ஆதலின் ஓசூரில் ஓய்ந்துபோகும் மின்கலம் குப்பையன்று. பிறர் நிலத்தை வருத்தி எடுத்த நிக்கல் அதனுள் இருக்கின்றது. அதனைப் புகைக்குத் தப்பாது மீட்டெடுக்கும் முறையைக் கற்றல் இப்பகுதி மாணவர்க்குக் காத்திருக்கும் கடமையென்பது எம் துணிபு.