விராலின் பொய்ச்சாட்சி

இன்னும் காய்ச்சாத கோராப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு பசை. செரிசின் என்ற புரதம் அது. சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதை நீக்கினால்தான் இழை மின்னும், சாயம் சீராக ஏறும். ஆரணிப் பட்டுச் சேலை எந்த நிறமானாலும், அதற்குப் பின்னால் இப்படிக் காய்ச்சி வடித்த தண்ணீர் உண்டு. சுத்திகரிக்காமல் அதுவும் சாயத் தண்ணீரும் ஏரிக்குப் போனால் சாயம் கண்ணுக்குத் தெரியும், பசை தெரியாது. பாக்டீரியாக்கள் அந்தப் புரதத்தைத் தின்று பெருகும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

கரைந்திருப்பதே கொஞ்சம்தான். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்வது சுமார் 7.5 மில்லிகிராம். கட்லாவும் ரோகுவும் இதை நம்பித்தான் செவுளை அசைக்கின்றன. பாசியும் இரவு முழுக்கச் சுவாசிப்பதால் விடியற்காலையில் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கட்லா மேலே வந்து வாயைப் பிளந்தால் ஏரி திணறுகிறது என்று பொருள்.

“விரால் துள்ளுதே, தண்ணிக்கு என்ன?” என்பார்கள். அந்தச் சாட்சி செல்லாது. விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே காற்றறை இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால், மீனாகப் பிறந்தும் மூச்சுமுட்டிச் சாகும். பனையேறிக் கெண்டையும் இதே ரகம். தரங்கம்பாடியில் அது பனைமரம் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797-இல் அச்சானது. மரமேறியதோ இல்லையோ, ஈரத் தரையில் தவழ்ந்து போவது உண்மை.

தண்ணீர்ப்பாம்பு, ஆமை, நீர்க்காகம் எல்லாமே நுரையீரல்காரர்கள். ஏரி செத்தாலும் அவற்றின் மூச்சு நிற்காது. தவளை கதை வேறு. தொண்டையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளும், ஈரத் தோலாலும் சுவாசிக்கும். ஆக்சிஜன் நுழையும் அந்தத் தோல் வழியாகவே ரசாயனமும் நுழையும். அதன் தலைப்பிரட்டைக்குச் செவுளும் உண்டு என்பதால், கரையோரம் தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

சாயங்களில் குரோமியம் கலந்த வகைகளும் உண்டு. காற்றறை அதை வடிகட்டாது. நாற்றமெடுத்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் விராலின் உடம்பில் அது தங்கலாம். சந்தையில் ஒரு சாண் தண்ணீரில் விரால் உயிரோடு நெளிவதற்கும் அந்தக் காற்றறைதான் காரணம். எந்த ஏரியில் பிடித்தது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.