ஆடியது 2 டெஸ்ட்தான்... இந்திய பவுலிங்கை செதுக்கிய பரத் அருண்! நடராஜன் வெற்றியில் இவருக்கு என்ன பங்கு?

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் பையனை கிரிக்கெட் அகாடமியில் சேர்க்கப் போகும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது இதைத்தான்: "கோச் எந்த லெவல் வரைக்கும் ஆடியிருக்கார்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதை மட்டுமே வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால், இந்திய அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக பரத் அருண் வந்திருக்கவே முடியாது. அவர் ஆடியது 2 டெஸ்ட், 4 ஒருநாள் போட்டிகள். எடுத்தது மொத்தம் 5 சர்வதேச விக்கெட். அப்புறம் எப்படி அவர் இவ்வளவு பெரிய பெயர் எடுத்தார்? பார்க்கலாம்.

யார் இந்த பரத் அருண்?

1962-ல் விஜயவாடாவில் பிறந்தவர். ஆடியது தமிழ்நாட்டுக்காக. வேகப்பந்து வீசும் ஆல்ரவுண்டர். 1986 டிசம்பரில் கான்பூரில் இலங்கைக்கு எதிராக டெஸ்டில் அறிமுகமானார். அடுத்த வருடத்திலேயே அவரது சர்வதேச ஆட்டம் முடிந்துபோனது. ஆனாலும், வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்ற 1987-88 அணியில் அவர் இருந்தார்.

அதன்பின் பயிற்சிப் பக்கம் போனார். 2012-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக்கோப்பையை உன்முக்த் சந்த் தலைமையிலான இந்திய அணி வென்றபோது, அந்த அணியின் பயிற்சியாளர் இவர்தான்.

சர்ச்சை எங்கே வந்தது?

2014-ல் இந்திய சீனியர் அணியின் பவுலிங் கோச் ஆனார். 2016-ல் அந்தப் பதவி போனது. 2017-ல் ரவி சாஸ்திரி தலைமைப் பயிற்சியாளராக வந்ததும், சச்சின், கங்குலி, லட்சுமண் இருந்த ஆலோசனைக் குழு பவுலிங்குக்கு ஜாகீர் கான் பெயரைச் சொன்னது. சாஸ்திரி கேட்டதோ பரத் அருணை. இருவரும் ஜூனியர் கிரிக்கெட் காலத்து நண்பர்கள்.

"300 விக்கெட்டுக்கு மேல் எடுத்த ஜாகீரை விட்டுவிட்டு, 4 டெஸ்ட் விக்கெட் எடுத்தவரா?" என்று கேள்வி எழுந்தது. கடைசியில் வேலை கிடைத்தது அருணுக்குத்தான்.

வேலை இல்லாத இடைவெளியில் என்ன செய்தார்?

கதையில் முக்கியமான இடமே இதுதான். 2016-17 சீசனில் அவர் ஹைதராபாத் ரஞ்சி அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே ஆட்டோ ஓட்டுநரின் மகன் ஒருவர் வேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். பெயர் முகமது சிராஜ். அந்த சீசனில் சிராஜ் எடுத்தது 41 விக்கெட். நான்கு வருடம் கழித்து, பிரிஸ்பேன் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்ததும் இதே சிராஜ்தான்.

2018-ல் இன்னொரு சம்பவம். உடற்தகுதித் தேர்வில் தோற்று, சொந்த வாழ்க்கையிலும் நொந்துபோயிருந்த முகமது ஷமி, கிரிக்கெட்டையே விட்டுவிடலாம் என்ற கோபத்தோடு தன்னிடம் வந்ததாக அருண் பின்னாளில் சொன்னார். அருண் அவரை சாஸ்திரியிடம் அழைத்துப் போனார். 'அந்தக் கோபத்தை உடம்பைத் தேற்றுவதில் காட்டு' என்று சொல்லி, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமிக்கு அனுப்பினார்கள். அந்த வருடமே ஷமி திரும்பி வந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா தொடர்களில் ஆடினார்.

ஆஸ்திரேலியாவில் போட்ட திட்டம் என்ன?

2020-21 தொடருக்குப் பல மாதம் முன்பே சாஸ்திரியும் அருணும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன்களுக்கு ஆஃப் சைடில் ரன் கொடுக்கக் கூடாது. ஸ்டம்புக்கு நேராக வீசி, லெக் சைடில் ஆள் நிறுத்த வேண்டும்.

மெல்போர்னில் பலன் தெரிந்தது. ஸ்டீவ் ஸ்மித் அஸ்வின் பந்தில் லெக் ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்து டக் அவுட். லபுஷேனும் சிராஜ் பந்தில் லெக் சைடில்தான் பிடிபட்டார். முதல் டெஸ்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட இந்தியா, இந்த டெஸ்டை வென்றது.

சேலம் நடராஜன் எங்கே வருகிறார்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர் நடராஜன். காயங்களால் ஆட்கள் குறைய, ஒருநாள், டி20, டெஸ்ட் என ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். இப்படி அறிமுகமான முதல் இந்தியர் இவர்தான்.

பிரிஸ்பேனில் பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி யாருமே இல்லை. ஆடிய ஐந்து பவுலர்களுக்கும் சேர்த்து அதற்கு முன் இருந்த அனுபவம் வெறும் 4 டெஸ்ட். நடராஜன் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். அதில் சதமடித்த லபுஷேனும் ஒருவர். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத அந்த மைதானத்தில், 328 ரன்னைத் துரத்தி இந்தியா ஜெயித்தது.

அப்படியானால் நடராஜனை உருவாக்கியவர் அருணா? இல்லை. அந்தப் பெருமை வேறு சிலருக்குப் போக வேண்டும். 2015-ல் ரஞ்சியில் அறிமுகமான உடனேயே, நடராஜன் பந்து வீசும் முறை மீது புகார் வந்தது. பலருக்கு ஆட்டமே அதோடு முடிந்துவிடும். சுனில் சுப்ரமணியம், டி.வாசு, எம்.வெங்கட்ரமணா ஆகியோர் உதவியோடு அவர் தன் ஆக்‌ஷனை மாற்றினார். இதில் முதல் இருவர் இந்தியாவுக்கு ஒரு போட்டிகூட ஆடியதில்லை. வெங்கட்ரமணா ஆடியது ஒரு டெஸ்ட், ஒரு ஒருநாள் போட்டி.

இப்போது அருண் எங்கே?

2021 டி20 உலகக்கோப்பையோடு இந்திய அணியிலிருந்து விலகினார். 2022 முதல் கொல்கத்தா அணியின் பவுலிங் கோச். 2024-ல் அந்த அணி ஐபிஎல் கோப்பையை வென்றபோது, சேப்பாக்கம் இறுதிப்போட்டியில் ஹைதராபாத் 113 ரன்னுக்கு ஆல் அவுட். 2025-ல் லக்னோ அணிக்கு மாறினார்.

கொங்கு பெற்றோருக்கு இதில் என்ன இருக்கு?

கோவை, சேலம், திருப்பூர் மூன்றுக்குமே டிஎன்பிஎல் அணி இருக்கிறது. 2023-ல் கோவையும் 2025-ல் திருப்பூரும் சாம்பியன். இங்கிருந்து மேலே போக வழி இருக்கிறது என்று பசங்களுக்குத் தெரியும். அதனால்தான் சரியான கோச் முக்கியம்.

கோச் எத்தனை மேட்ச் ஆடினார் என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்:

• பையனின் ஆக்‌ஷனில் தப்பு இருந்தால் யார் கவனிப்பார்கள், எப்படிச் சரிசெய்வார்கள்?
• வாரத்துக்கு எத்தனை ஓவர் வீச வைக்கிறார்கள்? அதற்குக் கணக்கு வைக்கிறார்களா?
• அடிபட்டாலோ, டீமில் இடம் கிடைக்காமல் போனாலோ, கூட உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறதா?

ஷமிக்கும் நடராஜனுக்கும் கைகொடுத்தது இந்த மாதிரி வேலைதான். ஒரு கோச்சின் ஸ்கோர்கார்டில் அது தெரியாது.