மூளைக்குள் ஒரு கடற்குதிரை

திருக்கோணமலை ஓர்ஸ் ஹில்லிலே வழி கேட்பவருக்கு வீதியின் பெயரைச் சொல்வோர் குறைவு. இறக்கத்தில் இறங்குக, உள்துறைமுகத்து நீர் தெரிந்ததும் திரும்புக என்பார்கள். மேடும் கடலும் காவல் நிற்கும் ஊரில் திசை தவறுதல் அரிது. இங்கே நெடுங்காலம் வாழ்ந்த அயல்வீட்டு முதியவர் ஒருவர், இருட்டிலும் கடைத்தெருவுக்குப் போய் வருவார். கொழும்பில் மகன் வீட்டுக்குப் போனாலோ இரண்டாம் திருப்பத்திலேயே தடுமாறுவார். "அப்புவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் சிரித்தனர். எனக்கு அத்தீர்ப்பு அவசரமாகவே பட்டது.

நம் மூளையின் இரு பக்கத்தும், பொட்டுக்கு உட்புறமாக, கடற்குதிரையைப் போல் வளைந்த ஓர் உறுப்பு உண்டு. ஹிப்போகாம்பஸ் என்னும் அதன் பெயருக்கும் அதுவே பொருள். எலி குறித்த ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் விழிப்புறும் உயிரணுக்கள் அங்கே இருப்பதை ஜோன் ஓகீஃப் 1971இல் வெளியிட்டார். அடுத்துள்ள புறணியில், நிலத்தை அறுகோணக் கட்டங்களாக அளக்கும் அணுக்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் கண்டனர். 2014இல் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இலண்டன் நகரத்து ஆயிரக்கணக்கான தெருக்களை மனனம் செய்த வாடகைக் கார் ஓட்டிகளுக்கு இக்கடற்குதிரையின் பின்பகுதி பருத்திருந்ததென 2000இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பயிற்சி மூளையையும் வளர்க்கும் போலும்!

முதுமையில் இவ்வுறுப்பு மெல்லச் சுருங்குகிறது; கட்டமிடும் அணுக்களின் கணக்கும் தளர்கிறது. ஆயினும் எல்லா வழியறிவும் ஒருங்கே போய்விடுவதில்லை. "ஆலமரத்தில் வலம், கிணற்றடியில் இடம்" என்று பழகிய நடையை மூளையின் வேறொரு பகுதி பேணுகிறது. முதியோர் அதனையே பெரிதும் சார்ந்து நிற்கின்றனர். புதிய ஊரின் படத்தை மனத்தில் வரைவதும், குறுக்கு வழி காண்பதுமே அவர்களுக்குக் கடினமாகின்றன. கொழும்பில் தடுமாறுவது, அந்த அளவில், நோயன்று.

தம் ஓர்ஸ் ஹில்லிலேயே, நாள்தோறும் திறக்கும் படலை எது என்று தெரியாமல் ஒருவர் நிற்பாராயின் அது வேறு கதை. அல்ஸைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்று, கட்டமிடும் அணுக்கள் உறையும் அப்புறணியே. ஆதலால் சிலரிடம் பெயர்கள் மறக்குமுன்னரே வழி மறக்கிறது. நம் வீடுகளிலோ முன்னதற்குச் சிரிக்கிறோம். பின்னதை "வயது போய்விட்டது" என்று விட்டுவிடுகிறோம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டியது பின்னவரையே. அதுவும் அவர் தனியே இறக்கத்தில் இறங்கிக் காணாமற் போவதற்கு முன்பே.