இரவல் நினைவகமும் அதனைத் திருப்பும் முறையும்

கணிப்பொறியின் நினைவகம் பெரிதாயினும் அளவுடையது. பெற்ற இடத்தை விடுவியாது மேன்மேலும் பெற்றுக்கொண்டே செல்லும் நிரல், நெடுநேரம் இயங்குங்கால் நினைவகத்தை விழுங்கி இறுதியில் தானும் வீழும். விடுவித்த இடத்தையே மீண்டும் தொடும் நிரலோ, அங்குப் புதிதாய்க் குடியேறிய வேறொரு செய்தியைத் தன்னுடையதென மயங்கிப் பிழைபட்ட விடை தரும். இவ்விரு கேடுகளையும் சார்புநெறி மொழிகளில் விலக்குமாறு யாங்ஙனமென்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1972-ஆம் ஆண்டையொட்டி டென்னிஸ் ரிச்சி என்பார் பெல் ஆய்வுக்கூடத்தில் அமைத்த ஸி மொழியில், இப்பொறுப்பு முழுவதும் நிரல் எழுதுவோனைச் சார்ந்தது. ‘மாலக்’ என்னும் செயற்கூற்றால் அவன் இடம் பெறுவான். ‘ஃபிரீ’ என்பதனால் விடுவிப்பான். ஹாஸ்கெல், ஓகாமல் முதலிய சார்புநெறி மொழிகளிலோ அவ்வாறன்று. லிஸ்ப் மொழியைக் குறித்து ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே தானியங்கு துப்புரவு விளக்கப்பட்டுளது. அவ்வழியில், நிரலால் இனி எட்டவியலாத பொருள்களைக் கண்டறிந்து அகற்றும் துப்புரவாளன் ஒருவன் இம்மொழிகளின் உள்ளேயே அமர்ந்துள்ளான்.

நிற்க. சார்புநெறி நிரல்களும் ஸி-யில் எழுதப்பட்ட நூலகங்களின் உதவியைப் பல வேளைகளில் நாடுகின்றன. அங்ஙனம் ஸி பெற்றுத்தரும் இடம் துப்புரவாளனது எல்லைக்கு அப்பாற்பட்டது. அவன் அறிவது அவ்விடத்தின் முகவரியைத் தாங்கிய சிறு சுட்டியை மட்டுமே. சுட்டியை அகற்றுவான், சுட்டப்பட்ட பேரிடமோ கேட்பாரற்றுக் கிடக்கும். மணவீட்டார் அயல்வீட்டில் இரவல் பெற்ற அண்டாவை ஒப்பது இது. உரியவர் பெயரெழுதிய சீட்டு அதன்மேல் இல்லையேல், ஏவலாள் அதனை எவரிடம் சேர்ப்பிப்பான்?

அச்சீட்டுப் போன்றதே இறுதிச் செயற்கூறு. ஹாஸ்கெலில் வெறுஞ்சுட்டிக்கு மாறாக அயற்சுட்டி ஒன்றை அமைத்து, விடுவிக்கும் ஸி செயற்கூற்றின் முகவரியை அதனோடு பிணைப்பர். அயற்சுட்டியை நாடுவார் எவருமிலர் என்று துப்புரவாளன் கண்டபின் அச்செயற்கூறு அழைக்கப்படும். ஓகாமலிலும் இதற்கெனத் தனிவகைப் பேழை உண்டு.

நிரல் எழுதுவோன் தானே ‘ஃபிரீ’யை அழைத்தலாகாதோ எனின், கூறுதும். ஹாஸ்கெல் வேண்டப்படுங்காலன்றி எதனையும் கணிப்பதில்லை; ஒரு பொருளைப் பலர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஆகலின் அதன் கடைசிப் பயன் எவ்விடத்தென அவன் முன்னரே துணிதல் அரிது.

இம்முறையைக் கையாள்வார் அறிய வேண்டுவன நான்கு. முதலாவது, எவ்வழிப் பெற்றனரோ அவ்வழியே திருப்புக. எஸ்கியூலைட் நூலகம் தன் ‘மாலக்’கால் அளித்த இடத்தை அந்நூலகத்தின் ‘ஃபிரீ’யே விடுவித்தல் வேண்டும். இரண்டாவது, இறுதிச் செயற்கூறாக அமைந்த ஸி செயற்கூறு ஹாஸ்கெலைத் திரும்ப அழைத்தலாகாது. துப்புரவு வேளையில் ஹாஸ்கெல் அவ்வழைப்பை ஏற்கும் நிலையில் இராது. மூன்றாவது, அயற்சுட்டியினின்று வெறுஞ்சுட்டியைப் பிரித்தெடுத்துத் தனியே போற்றலாகாது. மூலம் மறைந்ததெனக் கருதித் துப்புரவு நிகழ்ந்துவிடின், கையிலிருப்பது பாழிடத்தின் முகவரியாகும். நான்காவது, இறுதிச் செயற்கூறு எப்பொழுது நிகழும் என்பதற்கு உறுதியில்லை. ஸி செயற்கூறாயின் நிரல் முடிவதற்குள் நிகழும் என்பதே ஹாஸ்கெல் தரும் உறுதி. ஆதலால் கோப்பு, தரவுத்தளத் தொடர்பு போன்று விரைந்து மூட வேண்டியவற்றைத் தாமே மூடுதல் நன்று.

துப்புரவாளன் உளன் என்னும் துணிவால் இரவற் பொருளை மறத்தல் தகாது. ஸி-யிடம் பெற்ற கணத்திலேயே அதனைத் திருப்பும் வழியையும் உடன்பிணைத்தலே முறை. இதனை நிரல் பயிலும் மாணவ அன்பர்கள் தொடக்கத்திலேயே கைக்கொள்வாராக.